ஜூலிக்கு மூன்று கரண்டி மினரல்

பக்கத்து வீட்டு விஜயகலாவின் பச்சைச் சேலையில் பாதியை ஜூலி தின்று முடித்த அன்று, மாட்டை விற்றே தீருவது என்று லோஜினியிடம் அவள் புருஷன் இந்திரகுமார் சொல்லிவிட்டான்.

மற்றப் பாதி மாட்டின் வாயில் இருந்தது. விஜயகலா ஒரு பக்கம் இழுக்க, ஜூலி கழுத்தை வளைத்து மறுபக்கம் இழுக்க, லயத்துச் சனம் முழுக்கப் படியில் நின்று பார்த்தது. ரப்பர் பால் வெட்டு முடித்து அப்போதுதான் வந்த லோஜினி, வாளியைப் போட்டுவிட்டு ஓடிப்போய், மாட்டின் கடைவாய்க்குள் விரலை விட்டுத் துணியை உருவி எடுத்தாள். எச்சில் வழிந்த கந்தலை நீட்டினாள். விஜயகலா கை நீட்டவில்லை.

"ஏண்டி, நீ மாடு வளக்கிறியா, கரையான் வளக்கிறியா?"

"மன்னிச்சுக்குங்க அக்கா. வேற சேல எடுத்துத் தாறேன்."

"சேல கெடக்கட்டும். நேத்து எங்க வீட்டுச் செவத்த நக்கிச் சுண்ணாம்பெல்லாம் போச்சு. முந்தாநாளு நாய் போட்ட எலும்பக் கடிச்சிக்கிட்டு நின்னுச்சு. மாட்டுக்குப் பித்துப் புடிச்சிருக்கு, புள்ள."

எலும்புக் கதை பொய்யில்லை. லோஜினியும் பார்த்திருந்தாள். புல் தின்கிற வாயில் எலும்பைப் பார்த்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. யாரிடமும் சொல்லாமல் எலும்பைப் பிடுங்கிக் காட்டுக்குள் எறிந்திருந்தாள்.

தெரணியகலையிலிருந்து மூன்று மைல் மேலே, ரப்பர் தோட்டத்தின் இரண்டாம் டிவிஷனில் இருந்தது, தொழிலாளர் வரிசை வீடுகளான அந்த லயம். லோஜினிக்கு முப்பத்திரண்டு வயது. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருநூற்றி இருபது மரம் வெட்டுவாள். மத்தியானத்துக்குப் பிறகு ஜூலிக்குப் புல் அறுப்பாள். ஜூலி ஜெர்சிக் கலப்பு, செம்மண் நிறம். இரண்டு கன்று போட்டிருந்தது. இரண்டாவது கன்றுக்குப் பிறகு இரண்டு வருஷமாகிவிட்டது. பால் மெல்ல மெல்லக் குறைந்து, காலையில் ஒரு போத்தல் என்றாகி, அதுவும் வற்றிப் போயிற்று. விலா எலும்பை எண்ணலாம். முடி சாக்குத்துணி மாதிரி மொரமொரவென்று நின்றது.

"கத்தாட்டியும் நாள் கணக்குப் பாத்து நாலு தடவ சினை ஊசி போட்டாச்சு," என்றான் இந்திரகுமார். அவன் தோட்டத்துச் சந்திக்கும் தெரணியகலைக்கும் இடையில் திரீவீல் ஆட்டோ ஓட்டுகிறவன். கோபக்காரன் இல்லை. ஆனால் நாள் முழுக்கப் பாதையில் பள்ளம் பார்த்து ஓட்டுகிறவனுக்கு முடியாத காரியத்தில் நம்பிக்கை வைக்கப் பிடிக்காது. "நாலும் நிக்கல. மலட்டு மாட்டுக்கு நீ எதுக்கு முதுகு ஒடியப் புல்லு சொமக்கிற?"

"ஒருக்கா டொக்டர் பாக்கட்டுங்க."

"டொக்டர் பாத்தா கன்னு போட்டுருமா?"

"பாத்துட்டு மலடுன்னு சொன்னா, நானே கயித்த உங்க கையில குடுக்கிறேன். அதுக்கப்புறம் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

அவள் சும்மா அப்படிச் சொல்கிறவள் இல்லை என்பதால் இந்திரகுமார் ஒப்புக்கொண்டான்.

மிருக வைத்தியர் ஷிப்னா தெரணியகலைக்கு மாற்றலாகி வந்து நாலைந்து மாதம்தான் இருக்கும். மாவனல்லைக்காரி. வியாழக்கிழமை இந்திரகுமாரின் திரீவீலிலேயே வந்து இறங்கினாள். ரப்பர் சப்பாத்தை மாட்டினாள், தோள்வரைக்கும் நீண்ட கையுறையைப் போட்டாள், ஜூலியின் பின்பக்கம் கையை விட்டாள். படியில் இருந்த ஆம்பிளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பெண்கள் ஒருவரும் திருப்பவில்லை.

வெகுநேரம் தடவிப் பார்த்தாள். பிறகு கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள், முடியை விரலால் எதிர்ப்பக்கம் நீவிப் பார்த்தாள், என்ன புல், எங்கே அறுப்பது, எலும்பு கடித்ததை யார் பார்த்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"மலடில்ல," என்றாள். "கருப்பை நல்லா இரிக்கி. சூலகம்தான் தூங்குது. பசியில தூங்குது."

லோஜினிக்குச் சுருக்கென்றது. "பசியா? டொக்டர், நான் ஒரு நாளைக்கு ரெண்டு கட்டுப் புல்லு போடுறேன். நாங்க சாப்பிடாட்டியும் இதுக்குப் போடுவேன்."

"தெரியும். வயித்தப் பாத்தாலே தெரியிது. நான் சொல்றது வேற பசி." ஷிப்னா கையுறையைக் கழற்றிக்கொண்டே சரிவைக் காட்டினாள். "இங்க பெய்யிற மழை கொஞ்சமா? மண்ணுல இருந்த சத்தெல்லாம் கழுவிக்கிட்டு ஆத்துல போய்த்து. அதுல மொளச்ச புல்லு பாக்கப் பச்சையா இரிக்கும், உள்ளுக்கு ஒண்டும் இல்ல. பால் கறக்கிற மாடு தன்ட எலும்புல இருந்து எடுத்துப் பாலுக்குக் குடுக்கும். அதுவும் முடிஞ்சா, எலும்பு எங்க கெடக்கு, சுண்ணாம்பு எங்க இரிக்கின்டு தேடும். துணியும் அப்படித்தான். பொஸ்பரஸ் இல்ல, செம்பு இல்ல, நாகம் இல்ல."

"நாகமா?" என்று பின்னால் யாரோ பதறினார்கள்.

"பாம்பில்ல. சிங்க்."

சிரிப்பு அடங்கியதும் ஷிப்னா பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். உள்ளே சாம்பல் நிறத்தில் தூள். முதலில் பூச்சி மருந்து. அதன்பிறகு இந்த மினரல் தூள், ஒரு நாளைக்கு மூன்று மேசைக்கரண்டி, தவிட்டில் கலந்து. தவிட்டையும் கொஞ்சம் கூட்ட வேண்டும். காளைக்குக் கத்துகிறதா, நிற்க மாட்டாமல் அலைகிறதா, வாலுக்குக் கீழே தெளிந்த திரவம் வடிகிறதா என்று காலையும் மாலையும் பார்த்து, கலண்டரில் குறித்து வைக்க வேண்டும்.

"எத்தன நாள்ல தெரியும், டொக்டர்?"

"ரெண்டு மாசமாகும். மூணு, நாலும் ஆகலாம். நான் வாக்குத் தர மாட்டேன். ஆனா ஒரு நாளும் விடக்கூடாது."

வைத்தியரைச் சந்தியில் விட்டுவிட்டு வந்த இந்திரகுமார் வாசலில் நின்றபடியே சொன்னான்: "தீவாளி வரைக்கும் பாப்போம்." அப்போது ஜூன் மாதம்.

முதல் நாள் ஜூலி வாளியை முகர்ந்து பார்த்து மூக்கால் கவிழ்த்துவிட்டது. மண்ணில் கொட்டிய தவிட்டைக் கோழி கூடத் தொடவில்லை. மறுநாள் லோஜினி ஒரு கரண்டி மட்டும் எடுத்து, தேங்காய்ப் புண்ணாக்கை ஊறவைத்து அதற்குள் ஒளித்துக் கொடுத்தாள். நான்காம் நாள் ஒன்றரை. இரண்டாம் கிழமை முடிகிறபோது மூன்று கரண்டியும் உள்ளே போயிற்று.

"என்னா லோஜினி," என்று பீலியடியில் விஜயகலா கேட்டாள், "பவுடரெல்லாம் போடுற? மாட்டப் பொண்ணு பாக்க வாறாங்களா?"

தண்ணீர் பிடிக்க நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஜூலிக்குப் 'பவுடர்க்காரி' என்று பேராகிவிட்டது. லோஜினி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். வீட்டுக்கு வந்து கலண்டரில் அன்றைய கட்டத்துக்குள் 'கொடுத்தேன்' என்று எழுதினாள். 'கத்தியது' என்று எழுத ஒன்றும் இல்லை. ஜூலை முழுக்க 'கொடுத்தேன்', 'கொடுத்தேன்', 'கொடுத்தேன்' என்றே போனது.

ஆனால் மாட்டோடு இருக்கிறவளுக்கு மட்டும் தெரிகிற சில காரியங்கள் நடந்தன. ஐந்தாவது கிழமை ஜூலி சுவரை நக்குவதை விட்டது. ஒரு நாள் பாதையில் கிடந்த எலும்பை முகர்ந்து பார்த்துவிட்டுத் தாண்டிப் போயிற்று. லோஜினி அந்த இடத்திலேயே நின்று, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. ஆகஸ்டில் பழைய முடி உதிர்ந்து புது முடி வந்தது. கழுத்தைத் தடவினால் கை வழுக்கியது.

"என்னா, மினுங்குது?" என்றான் இந்திரகுமார் ஒரு நாள் மாலையில், திரீவீலைத் துடைத்துக்கொண்டே.

"ம்," என்றாள். அதற்குமேல் பேச அவளுக்குப் பயமாக இருந்தது.

செப்டெம்பரும் போயிற்று. தீபாவளிக்கு இன்னும் பத்து நாள் இருக்கையில், இரவெல்லாம் மழை அடித்துப் பெய்தது. விடிந்தபோது மரமெல்லாம் நனைந்து நின்றதால் வெட்டு இல்லை என்று கங்காணி சொல்லிவிட்டுப் போனார். லயத்தில் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். மணி பத்தாகும்போது ஜூலி கத்தியது.

பசிக்குக் கத்துகிற கத்தல் இல்லை. அடிவயிற்றிலிருந்து இழுத்து, மலையில் மோதித் திரும்பி வருகிற மாதிரி. லோஜினி ஓடிப்போய்ப் பார்த்தாள். மாடு கட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தது. வாலுக்குக் கீழே கண்ணாடி போலத் தெளிவாக ஒரு திரவம் நூலாகத் தொங்கியது. டொக்டர் சொன்னது அதேதான். இரண்டு வருஷத்தில் அவள் அதைப் பார்த்ததே இல்லை.

சினை ஊசி போடுகிற திலகசிறிக்குத் தொலைபேசி எடுத்தாள். லோஜினிக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. மறுமுனையில் அவர் சிங்களத்தில் சொன்னது அவள் முகத்தை மாற்றியது. கோயில் சந்திக்கு மேலே மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. சைக்கிள் கூடப் போகாது. மெஷின் வந்து மண்ணை எடுக்க மாலையாகலாம், நாளையும் ஆகலாம்.

"நங்கி, நான் கோயில் சந்தி வரைக்கும் வருவேன்," என்றார், தங்கையை அழைப்பது போல. "அங்க மாட்டக் கொண்டு வர முடியுமா? நாலு மணிக்குள்ள வரணும். பிந்தினா இந்தத் தடவை போச்சு."

இந்தத் தடவை போனால் இன்னும் இருபத்தொரு நாள். தீபாவளி அதற்கு முன்னால் வந்துவிடும்.

"பாதை இல்லாம எங்கிட்டுப் போவ?" என்றான் இந்திரகுமார்.

"ஏழாம் நம்பர் மலையால குறுக்க எறங்குவேன்."

"நடுவுல ஓடை இருக்கு. ராத்திரி பெஞ்ச மழைக்கு இடுப்பளவு ஓடும்."

"நான் போறேங்க," என்றாள் லோஜினி. கயிற்றை ஏற்கெனவே அவிழ்த்திருந்தாள்.

இந்திரகுமார் அவளைப் பார்த்தான். பிறகு உள்ளே போய், சாரத்தை மாற்றி அரைக்காற்சட்டை போட்டுக்கொண்டு வந்தான். தவிட்டு வாளியையும் மினரல் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டான்.

பத்தடி போவதற்குள் பின்னாலிருந்து சத்தம் கேட்டது. "அந்த மாட்ட நீங்க ரெண்டு பேரும் இழுத்தா வருமா? நில்லுங்க, நானும் வாறேன்!" விஜயகலா குடையும் தடியுமாக ஓடி வந்தாள். "ஏண்டி அப்படிப் பாக்கிற? என் சேலயத் தின்ன மாடு. ஒரு கன்னாவது போட்டுக் காட்டட்டும்."

சரிவில் சருகு வழுக்கியது. அட்டை காலெல்லாம் ஏறியது. ஜூலி சில இடத்தில் முரண்டு பிடித்தது, சில இடத்தில் அவர்களை இழுத்துக்கொண்டு ஓடியது. கத்தல் மட்டும் நிற்கவில்லை. ஒன்றரை மணிக்கு ஓடைக்கு வந்தார்கள். தண்ணீர் செந்நிறமாக, கிளையும் சருகுமாக ஓடியது. ஜூலி நாலு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. இந்திரகுமார் இழுத்தான். விஜயகலா பின்னால் தள்ளினாள். மலையைத் தள்ளுகிற மாதிரி இருந்தது.

"திரும்பிருவோமா?" என்றான் அவன். கேட்டவனுக்கே அந்தக் கேள்வி பிடிக்கவில்லை.

லோஜினி வாளியை வாங்கினாள். பொட்டலத்தை அவிழ்த்து, மூன்று கரண்டித் தூளைத் தவிட்டில் போட்டுக் கையால் பிசைந்தாள். வாளியை ஜூலியின் மூக்குக்கு நேரே பிடித்தாள். பிறகு திரும்பாமல், பின்பக்கமாகவே நடந்து தண்ணீருக்குள் இறங்கினாள். முழங்கால், தொடை, இடுப்பு. வாளியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டாள்.

"வாடி, ஜூலி. வா."

ஜூலி மூக்கை நீட்டியது. நாலு மாதத்துக்கு முன்னால் கவிழ்த்துக் கொட்டிய அதே தூளின் வாசம். முன்னங்காலை வைத்தது. தண்ணீர் இழுத்தது. ஒரு கணம் மாடு சாய்ந்தே போயிற்று. இந்திரகுமார் கீழ்ப்பக்கமாக நின்று விலாவில் தோளைக் கொடுத்தான். விஜயகலா வாலைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமி பேரெல்லாம் சொல்லிக் கூப்பிட்டபடி வந்தாள். குடை ஓடையோடு போயிற்று. அக்கரையில் ஏறியதும் ஜூலி உடம்பை உதறிய உதறலில் மூன்று பேரும் மறுபடி நனைந்தார்கள். மாடு வாளிக்குள் தலையை விட்டது.

விஜயகலா ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள்.

கோயில் சந்தியில் திலகசிறி தனியாக இல்லை. ஷிப்னாவும் வந்திருந்தாள். சேறும் தண்ணீருமாக மூன்று மனிதரும் ஒரு மாடும் ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து வெளியே வருவதைப் பார்த்து இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நேரம் மூன்று மணி. திலகசிறி வேலையைச் செய்து முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. "ஹரி, சரி," என்றார், கையைக் கழுவியபடி. "நல்ல நேரத்துக்குக் கொண்டு வந்தீங்க."

மாட்டை நிழலில் ஓய வைத்தார்கள். ஐந்து மணிக்கு, மேலே மலையிலிருந்து கேட்ட மெஷின் சத்தம் நின்றது. பாதை திறந்துவிட்டது. தார்ப் பாதையால், நடு ரோட்டில், ஜூலியை மெதுவாக நடத்திக்கொண்டு அவர்கள் திரும்பினார்கள். மெஷின் ஓட்டியவர் ஒதுக்கி நிறுத்தி வழி விட்டார். கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். விஜயகலா முன்னால் நடந்தாள்.

தீபாவளி வந்து போனது. மாட்டு வியாபாரியைப் பற்றி இந்திரகுமார் வாய் திறக்கவில்லை. ஊசி போட்டு இருபத்தோராம் நாள் லோஜினி வெட்டுக்குப் போன இடத்திலும் காதைத் தீட்டிக்கொண்டே இருந்தாள். கத்தினால் சினை நிற்கவில்லை என்று அர்த்தம். கத்தல் இல்லை. நாற்பத்திரண்டாம் நாளும் இல்லை. அன்று காலையில் அவள் எழும்புவதற்கு முன்னாலேயே தவிட்டு வாளிக்குள் கரண்டி தட்டுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். இந்திரகுமார் குனிந்து, கரண்டியை விரலால் வழித்து மட்டமாக்கி அளந்துகொண்டிருந்தான்.

ஜனவரியில் ஷிப்னா வந்தாள். கையுறையோடு தடவிக்கொண்டிருந்தவளின் முகத்தையே லயம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சினை," என்றாள். "மூணு மாசம்."

விஜயகலா போட்ட கூச்சல் ரப்பர் ஸ்டோர் வரைக்கும் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். லோஜினி மாட்டின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். கூச்சல் அடங்கியபோது விஜயகலா வைத்தியரின் பக்கத்தில் போய், குரலைத் தாழ்த்தி, "டொக்டர், அந்தப் பவுடர் எங்க மாட்டுக்கும் குடுக்கலாமா?" என்று கேட்டாள்.

மாசி முடிவதற்குள் லயத்தில் இருந்த பதினொரு மாட்டுக்கும் தவிட்டு வாளியில் மினரல் விழுந்தது. லோஜினி ஒவ்வொரு தொழுவமாகப் போய், எப்படி ஒரு கரண்டியில் தொடங்குவது, எப்படிப் புண்ணாக்கில் ஒளிப்பது என்று காட்டினாள்.

கன்று போடுவதற்கு மூன்று கிழமைக்கு முன்னால் ஷிப்னா பழைய தூளை நிறுத்தச் சொல்லி, சுண்ணாம்புச் சத்துக் குறைந்த வேறொரு பொட்டலம் தந்தாள். லயத்தில் பலருக்கு அது விளங்கவில்லை. கன்று போடப்போகிற நேரம்தானே கல்சியம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்?

"இப்ப கூடுதலாக் குடுத்தா ஒடம்பு சோம்பேறியாயிரும்," என்று லோஜினி விளக்கினாள். "பால் எறங்குற அன்னைக்கு எலும்புல இருந்து எடுக்க மறந்துரும். மாடு விழுந்துரும். கன்னு போட்ட ஒடனே பழையபடி கூட்டணும்." அவள் பேசியதைக் கேட்டு, படியில் உட்கார்ந்திருந்த இந்திரகுமார் தனக்குள் சிரித்துக்கொண்டான்.

ஜூலைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு, வெயில் சுள்ளென்று அடிக்கையில் ஜூலி கன்று போட்டது. கிடேரி. நெற்றியில் வெள்ளைப் பொட்டு. தாய் விழவில்லை, தள்ளாடவும் இல்லை. கன்றை நக்கி முடித்துவிட்டு, எனக்கு எங்கே என்பது போலத் தவிட்டு வாளியைப் பார்த்தது.

பத்தாம் நாள் பால் அளந்தார்கள். இதற்கு முன்னால் ஜூலியின் நல்ல காலத்தில் ஒரு நாளைக்கு ஆறு போத்தல் கறந்திருக்கிறது. இந்திரகுமார் போத்தலை வரிசையாகப் படியில் வைத்தான். ஏழு, எட்டு என்று போய் ஒன்பதில் காலைக் கறவை நின்றது. மாலையில் இன்னும் ஐந்து. பதினாலாவது போத்தலை மூடியபோது, வீட்டில் இருந்த மூடி போதாமல் வாழையிலையைச் சுருட்டி அடைத்தாள் லோஜினி.

செப்டெம்பரில் மிருக வைத்தியக் காரியாலயம் ஒரு வெளிக்களப் பயிற்சி வைத்தது. கீழேயுள்ள சிங்களக் கிராமங்களிலிருந்து நாற்பது பண்ணையாளர்கள் லொறியில் ஏறி மேலே வந்தார்கள். தோட்டத்துச் சனம் வைத்தியத்துக்கு, கடைக்கு, பள்ளிக்கூடத்துக்கு என்று கீழே இறங்கியே பழக்கம். கீழேயிருந்து நாற்பது பேர் எதையாவது கற்றுக்கொள்ள இந்த லயத்துக்கு ஏறி வந்தது அதுவே முதல் தடவை. வந்தவர்களுக்கு விஜயகலா இஞ்சி போட்ட பிளேன்டீ ஊற்றினாள்.

ஷிப்னா இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். "மிச்சத்த லோஜினி சொல்வாங்க."

லோஜினி முதலில் கலண்டரைக் காட்டினாள். பிறகு கரண்டியைக் காட்டினாள். சிங்களத்தில் பேசினாள். ஆரம்பத்தில் குரல் கொஞ்சம் தடுக்கியது. சுவர் நக்கியதைச் சொல்கிறபோது பலர் தலையாட்டினார்கள், அவர்கள் மாடும் நக்கியிருக்கும். அதைப் பார்த்ததும் அவள் குரல் தெளிந்தது. மழை கழுவிய மண்ணைப் பற்றியும், தூங்குகிற சூலகத்தைப் பற்றியும், கடைசி மூன்று கிழமையைப் பற்றியும் சொன்னாள். ஒருவர் எழுதிக்கொண்டார். ஒரு பெண் தொலைபேசியில் பதிவு செய்தாள்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், நல்ல மாடு பார்த்துப் பழகியவர் போல, ஜூலியைச் சுற்றி வந்தார். முதுகைத் தட்டிப் பார்த்தார். மடியைக் குனிந்து பார்த்தார்.

"நங்கி, இந்த மாட்ட எங்க இருந்து கொண்டு வந்தீங்க? நுவரெலியாப் பக்கமா?"

"எங்கயும் இல்ல மாத்தயா," என்றாள் லோஜினி. "இந்த லயத்துலயேதான் பொறந்துச்சு."

மாலைக் கறவைக்கு நேரமாகியிருந்தது. அவள் மணைப்பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கை கழுவி, மடியைத் துடைத்தாள். நாற்பது பேரும் பேச்சை நிறுத்திவிட்டு நெருங்கி நின்றார்கள். வாளியில் பால் விழுகிற சத்தம் தொடங்கியது.